கிட்டார் வாருக்கு ஒரு பூட்டு

கல்வராயன் மலையில் ஒரு பள்ளி ஆண்டு விழா. வெயில் சாயத் தொடங்கிய நேரம். எங்கள் மெல்லிசைக் குழு நான்காவது பாட்டில் இருந்தது. நான் மேடையின் முன்பக்கம் நின்று எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தேன். பாட்டு வேகம் எடுத்ததும் உடம்பைச் சற்றுத் திருப்பினேன். தோளில் இருந்த பாரம் சட்டென்று இல்லாமல் போனது. தோல் வாரின் ஒரு முனை, அது மாட்டியிருந்த குமிழிலிருந்து கழன்றுவிட்டது. கிட்டார் தலைகீழாகச் சரிந்து மேடை விளிம்பில் மோதி நின்றது. அங்கிருந்து ஒரு சாண் தள்ளி, தரையில் உட்கார்ந்திருந்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் தலைகள்.

யாருக்கும் அடி இல்லை. பிள்ளைகள் அதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கை தட்டினார்கள். கிட்டாரின் ஓரத்தில் பெயிண்ட் பெயர்ந்திருந்தது. மிச்சப் பாட்டுகளை வாரை ஒரு கையால் அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டே வாசித்து முடித்தேன்.

குழுவை நடத்துகிறவர் எங்கள் கீபோர்டுக்காரர். வயதில் மூத்தவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். வேன் கள்ளக்குறிச்சிக்கு வந்து சேர்ந்து, நான் இறங்கும்போது சொன்னார்.

“இனிமே நீ சேர்ல குந்திக்கினு வாசிம்மா. பொம்பள நின்னுக்கினுதான் வாசிக்கணும்னு இன்னா அவசியம்?”

“கழண்டது வாருண்ணா. நான் இல்ல.”

நைனார்பாளையத்தில் ஒரு கல்யாண வரவேற்புக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. அங்கே நின்றுதான் வாசிப்பேன், அதுவும் கழலாத வாரோடு வாசிப்பேன் என்று அன்றே முடிவு செய்தேன்.

ஸ்ட்ராப் லாக் என்று ஒரு பூட்டு இருப்பது எனக்குத் தெரியும். கிட்டாரில் திருகும் குமிழ் ஒன்று, வாரில் நட்டு போட்டு இறுக்கும் கொக்கி ஒன்று, இரண்டும் சேர்ந்தால் விசையை இழுக்காமல் பிரியாது. ஆன்லைனில் வாங்கினேன். நான்காம் நாள் வந்தது.

காலையில் எனக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. அது முடிந்து மத்தியானம் வந்ததும், தரையில் போர்வையை விரித்துக் கிட்டாரைக் கிடத்தினேன். பழைய குமிழின் திருகாணி, விரலால் சுற்றியே பாதி வெளியே வந்துவிட்டது. துளை அவ்வளவு தளர்ந்திருந்தது. புது ஆணியை வைத்தால் பிடிமானமே இல்லாமல் சுற்றியது.

என் கணவர் சர்க்கரை ஆலையில் ஃபிட்டர். டிரில் மிஷினோடு வந்து நின்றார்.

“பெரிய ஸ்க்ரூவா போட்டு ஏத்திடலாம். ரெண்டு நிமிசம்.”

“மரம்ங்க. பொளந்துக்கும். பெரிய ஸ்க்ரூ போட்டா அதோட தலை குமிழுக்குள்ள அடங்காது, பூட்டும் உக்காராது.”

“அப்ப இன்னா பண்ணப் போற?”

“பல்குச்சி.”

அவர் சிரித்தார். நான் மரப் பல்குச்சிகளைப் பசையில் தோய்த்துத் துளைக்குள் நெருக்கமாகச் செருகி, வெளியே நீட்டியதை மட்டமாக வெட்டினேன். ஒரு முழு நாள் காய விட்டேன். மறுநாள் அவரிடமே மெல்லிய டிரில் பிட் ஒன்றை மட்டும் வாங்கினேன். ஆணியின் நீளத்துக்கு அதில் அடையாளமாக டேப் சுற்றி, மிஷின் இல்லாமல் விரலாலேயே திருகி, நேராக ஒரு சிறு துளை போட்டேன். ஆணியில் மெழுகுவத்தியைத் தேய்த்தேன். தலைக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியை எடுத்து, நிதானமாக ஏற்றினேன். குமிழ் அசையாமல் உட்கார்ந்ததும் நிறுத்தினேன். அதற்கு மேல் ஒரு சுற்றுகூடத் திருகவில்லை. இன்னொரு பக்கத்துத் துளை நன்றாக இருந்தது. அது அரை மணி நேர வேலை.

வாரில் கொக்கிகளையும் மாட்டிவிட்டு, முடிந்தது என்று அவரிடம் காட்டினேன். அவர் கட்டைவிரலால் நட்டைத் தடவினார்.

“நட்டு அரைதான் புடிச்சிருக்கு. தோலு தடிப்பு ஜாஸ்தி. மில்லுல நான் இப்டி உட்டா வூட்டுக்கு அனுப்பிடுவாங்க.”

எரிச்சலாக வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. நட்டுக்கு வெளியே கொக்கியின் திருகு மரை துளியும் தெரியவில்லை. அப்படியே விட்டிருந்தால் நான்கு பாட்டுக்குள் கழன்றிருக்கும்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டு அருகே செருப்புத் தைப்பவரிடம் வாரைக் கொண்டுபோனேன். துளையைச் சுற்றித் தோலைச் சீவித் தரச் சொன்னேன்.

“ரொம்ப சீவுனா பிஞ்சுக்கும்மா.”

“நட்டு உக்கார்ற அளவுக்குப் போதும்ங்க. கொஞ்சம் கொஞ்சமா எடுங்க, நான் மாட்டிப் பாத்துக்கினே சொல்றேன்.”

அவர் சீவச் சீவ நான் நட்டை மாட்டிப் பார்த்தேன். மூன்றாவது முறை நட்டு முழுதாக இறங்கி, மரையில் ஒரு சுற்று வெளியே தெரிந்தது. போதும் என்றேன்.

வீட்டில் கட்டிலின் மெத்தைக்கு மேல் கிட்டாரைப் பிடித்து நானும் கணவரும் மாறி மாறி வாரை இழுத்தோம். பிறகு மெத்தை மேலேயே நின்று ஒரு மணி நேரம் வாசித்தேன், குனிந்தும் திரும்பியும். எதுவும் அசையவில்லை. நட்டுகளை மட்டும் இன்னொரு முறை இறுக்கினேன்.

நைனார்பாளையம் மேடையில் என் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. அதை எடுத்துத் தபேலாக்காரரின் பின்னால் வைத்தேன். கீபோர்டு அண்ணா பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னாம்மா, கழலாதா?”

“இழுத்துப் பாருங்கண்ணா.”

அவர் எழுந்து வந்து வாரைப் பிடித்து இழுத்தார். நம்பாமல் இன்னொரு முறை, இன்னும் பலமாக. நான் முன்னால் தள்ளாடினேன். கிட்டாரும் என்னோடு வந்தது. அவர் தன் இடத்துக்குப் போய் முதல் பாட்டின் சுருதியைக் கொடுத்தார்.

இரண்டாவது பாட்டில்தான் கவனித்தேன். இத்தனை வருடமும் என் இடது கை, கிட்டார் விழாமல் தாங்கிக்கொண்டேதான் வாசித்திருக்கிறது. அந்த வேலை இப்போது அதற்கு இல்லை. விரல்கள் லேசாக ஓடின. வழக்கமாகத் தடுமாறும் ஒரு இடத்தை அன்று தடுமாறாமல் தாண்டினேன்.