எவன் கையும் படாமல்

கழுத்தில் மாட்டிய நாளிலிருந்தே சுருளிராஜனுக்கு அந்த மெஷினைப் பிடிக்கவில்லை. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. அதிலிருந்து ஒரு ஒயர் போய்க் காதுக்கு முன்னால் எலும்பில் ஒட்டிக்கொள்ளும். எங்கே போக வேண்டும் என்று சொன்னால் சாட்டிலைட்டைக் கேட்டு, நேராகச் செல்லவும், இடதுபுறம் திரும்பவும் என்று ஒரு பெண்குரல் வழி சொல்லும். அந்தக் குரல்தான் முதலில் குமட்டியது. இழவையும் கல்யாணத்தையும் ஒரே சுரத்தில் வாசிக்கிற குரல். கம்பம்மெட்டு மலையில் பாதி ஆயுசுக்கு ஜீப் ஓட்டியவர் அவர். ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு, மழையிலும் பனிமூட்டத்திலும் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்கியவருக்குச் சொந்தத் தெருவில் இடது எது வலது எது என்று ஒருத்தி சொல்லித்தர வேண்டியிருக்கிறது. நினைக்கும்போதே காறித் துப்பத் தோன்றும்.

சர்க்கரை அவர் கண்ணைத் தின்று முடித்துச் சில வருஷமாகிறது. மெஷினை ஒரு டிரஸ்ட் கொடுத்தது. தேனியில் மண்டபம் பிடித்து, மைக் கட்டி, சால்வை போர்த்திக் கொடுத்தார்கள். "சிரிங்க ஐயா, போட்டோ எடுக்கிறாக" என்று யாரோ அவர் முகவாயைப் பிடித்து கேமரா பக்கம் திருப்பினார்கள். அந்தக் கையில் லட்டு நெய் பிசுபிசுத்தது. வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுத் தாடையைக் கழுவியும் அந்தப் பிசுபிசுப்பு போகவில்லை.

கைகள்தான் அவருக்கு ஆகவே ஆகாது. கண் போனதிலிருந்து அவர் உடம்பு ஊர்ச் சொத்தாகிவிட்டது. வியர்த்த கை, பீடிக் கை, சாப்பிட்டுக் கழுவாத கை, எதுவும் கேட்காமல் வந்து முழங்கையைப் பிடிக்கும். ஒருநாள் மருந்துக்கடை நிழலில் சும்மா நின்றவரை ஒரு புண்ணியவான் இழுத்துக்கொண்டு போய் ரோட்டுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு, "பாத்துப் போங்க பெரியவரே" என்று போய்விட்டான். அந்தப் பக்கம் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. திரும்பி வருவதற்கு இன்னொருவன் கையைப் பிடிக்க வேண்டியதாயிற்று.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வார். ஆனால் மனைவி ராஜாத்தி அவரைக் காவல் காத்தே வேலைக்குப் போகாமல் நின்றுவிட்டாள். வீட்டில் அடுப்பெரிய அவள் மறுபடியும் ஏலத்தோட்டத்துக்குப் போயாக வேண்டும். போனால் பகலெல்லாம் இவரை யார் பார்ப்பது? அதற்கு ஆண்டிபட்டியில் தறிக்கூடம் வைத்திருக்கும் அவள் அண்ணன் அம்மாவாசி ஒரு வழி வைத்திருந்தார்.

"மாப்ள, பேசாம எங்கூட வந்துருங்க. தறிக்கூடத்துக்குப் பின்னாடி ஒரு ரூம்பு சும்மாதான் கெடக்கு. கட்டில்லயே சோறு வந்துரும். நீங்க எந்திரிக்கவே வேணாம்."

நல்ல மனசில் சொன்னதுதான். ஆனால் அந்தக் கட்டிலும் அதற்குக் கீழே வைக்கப்போகிற வாளியும் சுருளிராஜனின் மூக்குக்கு அப்போதே எட்டிவிட்டன. செத்தாலும் அந்த ரூமுக்குப் போவதில்லை என்று முடிவு செய்தார். வாய் முந்திக்கொண்டது.

"ஞாயித்துக்கெழம வாங்க மச்சான். நான் ஒத்தையில ஜீப் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டு வந்து காட்டுறேன். எவன் கையும் எம்மேல படாது. பட்டுச்சுன்னா ஒங்க கார்ல ஏறிர்றேன்."

"வார்த்த மாறக்கூடாது மாப்ள" என்றார் அம்மாவாசி.

மெஷினை அவருக்குப் பழக்கித்தர டிரஸ்டிலிருந்து ஷீபா என்ற பெண் வந்துபோனாள். சின்ன வயது, பொறுமைசாலி. அவர் கையை அவள் ஒருதரம்கூடப் பிடிக்கவில்லை. அதற்காகவே அவள் சொன்னதில் பாதியைக் கேட்டுக்கொண்டார். கேட்காத பாதி வெள்ளைக் குச்சியைப் பற்றியது.

"அண்ணே, மெஷின் வழிதான் சொல்லும். பள்ளத்தச் சொல்லாது. அதுக்குத்தான் குச்சி."

"குச்சியத் தட்டிக்கிட்டுப் போனா கையேந்துறவன்னு நெனப்பாக, பாப்பா."

இன்னொரு வம்பும் இருந்தது. தெருமுனை வந்து, மெஷின் வலதுபுறம் திரும்பச் சொன்னால் மனுஷன் திரும்பமாட்டார். முதலில் இடது ஓரத்துக்கு நன்றாக ஒதுங்கி, அங்கிருந்து ஒரு பெரிய வட்டம் போட்டு வலது பக்கம் வருவார்.

"எதுக்குண்ணே இடது பக்கம் போறீக?"

"வளைவ அகட்டித்தான எடுக்கணும்? இல்லாட்டி பின்சக்கரம் உள்ள எறங்கிரும்."

ஷீபா சிரித்துவிட்டாள். "ஒங்களுக்குப் பின்சக்கரம் இல்லண்ணே" என்றாள். அவருக்கும் அது தெரியும். காலுக்குத்தான் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவாசி வாடகைக் காரோடு வந்து வாசலில் நின்றார். சுருளிராஜன் வெளுத்த சட்டை போட்டு, மெஷினை மாட்டி, குச்சியை மடக்கி இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினார்.

தெருமுனை வரை ஒரு குறையும் இல்லை. "பத்து மீட்டரில் வலதுபுறம் திரும்பவும்" என்றது குரல். கால் தானாக இடது பக்கம் ஒதுங்கியது. அங்கே சாக்கடை மேல் எப்போதும் கிடக்கும் சிமெண்ட் பலகையை அன்றைக்கு ஓட்டல்காரன் அடைப்பு எடுக்கத் தூக்கி வைத்திருந்தான்.

முகம் குப்புற விழுந்தார். குளிர்ந்த, கொழகொழவென்ற ஒன்று மூக்குக்குள்ளும் வாய்க்குள்ளும் போயிற்று. புளித்த சாம்பார், கோழி இறகு, மீன் கழுவிய தண்ணீர், அதற்குமேல் பேர் சொல்லக் கூசுகிற எல்லாமும் இருந்தன. வாந்தி வந்தது. அதுவும் சட்டை மேலேயே விழுந்தது. சாக்கடை, ஓட்டல்காரன், மெஷின், போட்டோ எடுத்தவன், இத்தனை வயதுக்கு மேல் வண்டி மாதிரி வளைகிற தன் கால், எல்லாவற்றின் மேலும் அவருக்கு அசாத்திய அருவருப்பு வந்தது.

மேலே கூட்டம் சேர்ந்துவிட்டது. இனி வரும் கைகளுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். ஒன்றுகூட வரவில்லை.

"ஏலே, தூக்கி விடுங்கடா."

"நீ தூக்கேன்."

"ச்சீ, என்னா நாத்தம்!"

சுருளிராஜன் சுவரைத் தடவி, முழங்கால் சிராய்க்கத் தானே ஏறி வந்தார். ஏறி நின்றதும் கூட்டம் பின்னால் நகர்கிற செருப்புச் சத்தம் கேட்டது. "வலதுபுறம் திரும்பவும்" என்று மெஷின் குரல் அதே சுரத்தில் சொல்லிக்கொண்டிருந்தது. இடுப்பிலிருந்து குச்சியை எடுத்து விரித்தார். தட்டிப் பார்த்து, அகட்டாமல், நேரே வலது பக்கம் திரும்பினார்.

கண் போனபின் கம்பம் ஊருக்குள் அவருக்கு அப்படி ஒரு நடை வாய்த்ததில்லை. யாரும் இழுக்கவில்லை. யாரும் பெரியவரே என்று தோளைத் தொடவில்லை. எதிரில் வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வழிவிட்டார்கள். ஒரு ஜீப் பக்கத்தில் வந்து நின்றது. அவரிடம் கிளீனராக இருந்து டிரைவரான ஈஸ்வரபாண்டி.

"அண்ணே! என்னண்ணே இது கோலம்? வாங்க, நான்..." வாசனை எட்டியதும் பேச்சு நின்றது. "இல்லண்ணே... சீட்டு இப்பத்தான் புதுசா தச்சது."

"போடா" என்றார் சுருளிராஜன். மனசுக்குள் அவனுக்கு ஒரு கும்பிடு போட்டார்.

ஜீப் ஸ்டாண்டில் வண்டிகளின் டீசல் நாற்றத்தையும் அவருடைய நாற்றம் அமுக்கியது. அங்கே நின்று ஒருதரம் காறித் துப்பிவிட்டு வந்த வழியே திரும்பினார். வீட்டு வாசல் வந்தபோது முழங்கால் எரிந்தது. தலைமுடியிலிருந்து இன்னும் ஏதோ வழிந்து கழுத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஐயோ!" என்றாள் ராஜாத்தி. அவள் ஓடி வருகிற சத்தம் கேட்டது. பாதி வழியில் நின்றுவிட்டது.

"போயிட்டு வந்துட்டேன். எவன் கையும் படல மச்சான். வேணும்னா தெருவில கேட்டுப் பாருங்க."

"எவன் தொடுவான் மாப்ள, இந்தக் கண்றாவிய?" அம்மாவாசியின் குரல் துண்டுக்குள்ளிருந்து வந்தது. "இதெல்லாம் ஒரு கணக்கா? குளிங்க மொதல்ல. குளிச்சிட்டுக் கெளம்புங்க, போவம்."

கார் டிரைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டான். இதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் ராஜாத்தி. அவள் வாயிலிருந்து என்ன வரும் என்று சுருளிராஜனுக்குத் தெரியவில்லை. சாக்கடையில் கிடந்தபோது வராத பயம் அப்போது வந்தது.

"அண்ணே, நீ கெளம்பு" என்றாள் அவள். "நாளைக்கு நான் தோட்டத்துக்குப் போகணும். போற வழியில ஸ்டாண்டுல ஈஸ்வரபாண்டி வண்டியில எனக்கு ஒரு எடம் சொல்லிவச்சிரு."

"ஆத்தா, நீ பாட்டுக்கு... இவர இங்கன ஒத்தையில..."

"போயிட்டு வந்துட்டாகல்ல? வார்த்த மாறக்கூடாதுன்னு நீதான சொன்ன?"

கார் கிளம்பிப் போனது. கொல்லைப்பக்கம் பக்கெட்டில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. கண் போனதிலிருந்து குளிக்கிற இடத்துக்குக்கூட அவள்தான் கையைப் பிடித்துக் கூட்டிப் போவாள். அவர் வழக்கம்போலக் கையை நீட்டி வைத்துக்கொண்டு நின்றார்.

"கையப் பிடிக்க வரலியா?"

"நாறுது" என்றாள் ராஜாத்தி. "நீங்களே போங்க."

அவர் குச்சியைத் தட்டிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார்.