வெறும் சேறு என்று சொன்ன இடம்

பிச்சாவரம் பக்கத்து இருளர் குடியிருப்பில் பட்டம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். சுரபுன்னைக் காட்டுக்குள் உப்பங்கழியில் குந்தியபடியே நகர்ந்து, கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பவர். பிடித்ததைப் போடும் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்திருப்பார். வேலை நேரத்தில் பேச்சு கிடையாது. கரையிலும் புதியவர்களிடம் வாய் திறக்க மாட்டார்.

சில வருடங்களுக்கு முன் வரைபடத்தோடு வந்த சிலருக்கு இறால் சேரும் ஓடை ஒன்றைக் காட்டினார். அடுத்த மழைக்குள் அங்கே ‘இறங்கக் கூடாது’ என்று பலகை வந்துவிட்டது.

போன வருடம் ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து சுவேதா வந்தார். மரம் பட்டுப்போன திட்டில் வாய்க்கால் வெட்டி, கடல் தண்ணீர் ஏறி இறங்க விட்டு, மறுபடி சுரபுன்னை வளர்க்கும் திட்டம். இங்குள்ளவர்கள் சொல்கிறபடிதான் வடிவமைப்போம் என்றார். அவருடைய ஆங்கிலக் குறிப்புகளைத் தமிழில் எழுதித் தருவது என் வேலை.

“நம்ம சொல்றபடியாம்,” என்று பட்டம்மாள் கணவர் பக்கிரியிடம் சிரித்தார். “போன தடவ வந்தவனுவளும் அதான் சொன்னானுவ.”

எல்லா ஓடைகளையும் காட்டினார், ஒன்றைத் தவிர. பதினைந்து குடும்பங்கள் இறங்கும் கிழக்கு வளைவைப் பற்றிக் கேட்டபோது, அங்கே தண்ணீரே ஏறாது, வெறும் சேறு என்றார். சுவேதா எழுதிக்கொண்டார்.

மாசியில் வரைபடம் வந்தது. பட்டம்மாளுக்குப் படிக்கத் தெரியாது, நான் வாசித்தேன். வாய்க்கால் வெட்டும் மண் முழுவதையும் கிழக்கு வளைவில் கொட்டுவதாக இருந்தது. திங்கட்கிழமை வேலை தொடங்கும்.

வேண்டுமென்றே செய்கிறார்களா என்று கேட்டார். நீங்கள் சொன்னதை வைத்துத்தான் போட்டிருக்கிறார்கள் என்றேன்.

மறுநாள் சுவேதாவை வரவழைத்தார். படம் எடுக்கக் கூடாதென்று போனைக் கரையிலேயே வைக்கச் சொல்லி, எங்களைப் படகில் கூட்டிப்போனார். வளைவில் முழங்கால் தண்ணீரில் சுவேதாவைக் குந்தவைத்து, சேற்றுக்குள் கைவிடச் சொன்னார். சுவேதா வெடுக்கென்று கையை எடுத்தார். விரலுக்கடியிலிருந்து இறால் துள்ளியிருக்கிறது.

“வெறும் சேறுன்னீங்களே அக்கா?”

“சொன்னேன். உன்ன நம்புல.”

“இப்ப?”

“இப்பவும் இல்ல. இதுல மண்ணக் கொட்டிட்டா நாங்க எங்க போவோம்? அதுக்குதான் காட்டுறேன்.”

மண் கொட்டும் இடத்தைச் சுவேதா மேட்டுக்கு மாற்றினார். வளைவுக்கு என்ன பெயர் எழுதுவது என்று கேட்டார்.

“பேரெல்லாம் வேணாம். தண்ணி ஓடுதுன்னு மட்டும் போடு. எறான்னு எழுதாத.”

திருத்திய தாளில் ஒரு பிரதியைப் பட்டம்மாள் கேட்டு வாங்கினார். நான் முழுதாக வாசித்துக் காட்டினேன். சரி என்று மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் கிள்ளைக் கடைத்தெருவில் அவரைப் பார்த்தேன். ஜெராக்ஸ் கடைக்காரரிடம் அதே தாளைக் கொடுத்து, முதலிலிருந்து வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்.