தண்ணீர்மலைக்குப் போன புது முடி

சென்ற புரட்டாசியில் எனக்கு டைபாய்டு வந்தது. பிழைத்து எழுந்தால் பினாங்குத் தண்ணீர்மலையில் மொட்டை போடுவதாக என் மனைவி கமலம் முருகனிடம் சொல்லிவிட்டாள். தலை என்னுடையது, வாக்குக் கொடுத்தது அவள். நான் அப்போது பிதற்றிக்கொண்டிருந்ததால் கருத்துக் கேட்கப்படவில்லை.

நடமாட்டம் வந்து புறப்படலாம் என்றபோது மார்கழி பிறந்தது, முடி கொட்டத் தொடங்கியது. தலையணையில், சோற்றில், ஆபீஸ் மேசையில் என் முடிதான். எங்கள் ஊரான தைப்பிங்கின் டாக்டர் சிரித்தார். ஒவ்வொரு முடியும் சில வருஷம் வளருமாம், சில மாதம் சும்மா கிடக்குமாம், பிறகு உதிர்ந்து அதே குழியில் அடுத்தது கிளம்புமாம். வழக்கமாக இவை முறைவைத்து ஓய்வெடுப்பதால் நமக்குத் தெரிவதில்லை. காய்ச்சல் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் படுக்கப்போட்டுவிட்டது. எங்கள் ஆபீசில் அத்தனை பேரும் ஒரே நாளில் லீவு எழுதிக் கொடுத்த மாதிரி. "தானா வரும். ஆனா நெத்தியில முன்னாடியே போனது வராது. அது உங்க அப்பா வீட்டுச் சொத்து" என்றார்.

மொட்டையை ஒத்திப்போட எனக்கு இது போதுமானதாக இருந்தது. "இருக்கிற நாலு முடியைக் கொடுத்தால் சாமிக்கு அவமரியாதை. முளைக்கட்டும்" என்றேன். கமலம் தலையாட்டினாள். ஆனால் நான் தும்மினால்கூட அடுப்படியிலிருந்து ஓடிவந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள்.

பங்குனியில் முளைத்தது! கோழிக்குஞ்சின் உடம்பைப் போல மெத்துமெத்தென்று. கண்ணாடி முன் அவ்வளவு நேரம் கல்யாணத்துக்கு முன் எந்தப் பெண்ணுக்காகவும் நான் நின்றதில்லை. வைகாசி பிறந்ததும் கமலம் பெட்டி கட்டிவிட்டாள்.

தைப்பிங்கிலிருந்து காலை ஏழு மணி ரயில். கடலோரத்துப் பிறை ஊருக்கு அறுபது மைல் இருக்கும். பத்து மணிக்குச் சேர்ந்தோம். அங்கிருந்து ஃபெரி, அரை மணி நேரம். கடல் பால் கலந்த தண்ணீரைப் போல அசையாமல் கிடந்தது. எதிரே பினாங்குத் தீவு, யாரோ பாதி வரைந்துவிட்டுத் தூங்கப் போன படம்போல, மலை மட்டும் தெரிந்து கரை தெரியாமல் மிதந்தது. புது முடிக்குள் காற்று விரல் விட்டது. கண்ணை மூடிக்கொண்டேன். இந்த உலகத்தில் எனக்கு இனி எந்தக் குறையும் இல்லை என்று தோன்றியது.

பினாங்கு ஸ்திரீட்டில் சாப்பாட்டுக் கடை மாடியில் அறை, இரவுக்கு ஒரு மலாயா வெள்ளி. மூட்டைப்பூச்சிகளுக்குத் தனிக் கட்டணம் இல்லை. கமலம் பூ வாங்கப் போன நேரம் பார்த்துப் பக்கத்து எண்ணெய்க் கடைக்குள் நுழைந்தேன். கடைக்காரர் நாகூர்க்காரர், கருஞ்சீரக வாசனையில் ஊறியவர்.

"நானா, இது இன்னும் அடர்த்தியா வருமா?" என்று அவர்கள் அண்ணனை அழைக்கும் முறையிலேயே கேட்டேன்.

அவர் என் தலையை மாம்பழம் பார்ப்பதுபோல் திருப்பிப் பார்த்தார். "பயிர் வந்திருக்கு அண்ணே. நம்ம எண்ணெய் உரம். ஆனா மூணு மாசம் கத்தி படக்கூடாது, ஆமா."

மறுநாள் காலை கத்தி! சீசாவோடு வெளியே வந்தேன்.

ஊரிலிருந்து தண்ணீர்மலை நான்கு மைல்; ரிக்‌ஷாவுக்கு நாற்பது காசு கொடுத்தோம். விடியலில் போங்கள். இருபுறமும் மரங்கள் பனியை இன்னும் உதறியிருக்காது. மலைக்குப் பெயர் தந்த அருவி எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஆனால் அதன் சத்தம் தூக்கத்தில் கேட்கும் பேச்சைப் போலக் கூடவே வரும்.

அடிவாரத்தில் நாவிதர் பலகை போட்டிருந்தார். மொட்டை என்று அவரிடம் சொல்லிவிட்டுக் கமலம் கால் கழுவப் போனாள். நான் குனிந்து மெல்ல ஆரம்பித்தேன்.

"அண்ணே, பூமுடி போதும். நாலு இடத்துல நறுக்கிடுங்க."

"அக்கா மொட்டைன்னுல்ல சொன்னாங்க?"

"அக்கா சும்மா சொல்வாங்க."

"உங்க தலை, உங்க சாமி. நமக்கென்ன லா" என்று மலாயா இழுப்போடு சொல்லிக் கத்தரிக்கோலை நனைத்தார். முதல் நறுக்கு விழுந்தபோது கமலம் வந்துவிட்டாள். பூஜைத் தட்டைக் கல்லில் வைத்தாள். பக்கத்துப் பலகையில் உட்கார்ந்து கொண்டையிலிருந்த மல்லிகையை எடுத்தாள். பிறகு கொண்டையை அவிழ்த்தாள். முடி இடுப்பைத் தாண்டி விழுந்தது.

"அண்ணே, அவருக்கு முடிஞ்சதும் எனக்கு மொட்டை போடுங்க."

"உனக்கு எதுக்கு?" என்றேன்.

"வேண்டுனது மொட்டை. யாராச்சும் ஒருத்தர் குடுக்கணும்ல? உங்களுக்கு இப்பத்தான் முளைச்சிருக்கு, பாவம். வச்சுக்கங்க."

என்னை மடக்கப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். அதற்குள் அவள் கை நீண்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தது. அவள் மனதில் காய்ச்சல் இன்னும் எங்கள் வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. அதற்கு எதிரே நான் வைத்தது அரை அங்குல முடி.

"அண்ணே, முழுசா எடுங்க" என்றேன்.

"இதை மொதல்லயே சொன்னா என்ன லா? கத்தரிய வேற நனைச்சிட்டேன்!"

கோழிக்குஞ்சுப் பூமுடி தண்ணீரில் கரைவதுபோல் போய்விட்டது. சந்தனம் குளிர்ந்து தலைக்குள் இறங்கியது. படியேறும்போது கீழே ஊர், கடல், கப்பல்கள் எல்லாம் பனிக்குள் ஒன்றாகக் கரைந்திருந்தன. நான் நடந்தேனா மிதந்தேனா என்று இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். குடை அவசியம். சந்தனத்தை ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், அடிவாரத்தில் விலை அதிகம். மனைவியோடு போகிறவர்கள் நாவிதரிடம் பேரம் பேச வேண்டாம். முடி உதிர்ந்து வருந்துகிறவர்கள் அதற்கும் ஒரு பருவம் உண்டென்று பொறுத்திருங்கள். என் தலையில் மறுபடி முள்முள்ளாய்க் குத்துகிறது.

திரும்பும் ஃபெரியில் நிழல் பக்கத்துப் பெஞ்சைப் பிடியுங்கள். அங்கே உட்கார்ந்ததும் கமலம் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். புரட்டாசிக்குப் பிறகு அவள் அப்படித் தூங்கி நான் பார்க்கவில்லை. பிறை வந்தது. கூட்டம் இறங்கியது. தைப்பிங் ரயில் கூவியது. நான் அசையவில்லை.