மீன்கள் மேலே வந்த நாள்

ஹெப்பகோடிக்கு அப்பால் ஒரு மீன் பண்ணையில் அப்பாவும் அம்மாவும் சித்தப்பாவும் வேலை செய்தார்கள். மோட்டார் ரூமை ஒட்டிய அறைதான் எங்களுக்கு வீடு. நான் இரண்டாம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் எட்டாத படிப்பு.

மூன்று நாளாக வெயிலே இல்லை. அன்று விடியும்போது குளத்து மீன்கள் அத்தனையும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. என்னைப் பார்க்கத்தான் வந்திருக்கின்றன என்று குதித்தேன். தண்ணீரில் காற்று போதாமல் மூச்சுக்குத் தவிக்கின்றன என்றார் சித்தப்பா. மோட்டாரைப் போட்டுத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் சரியாகிவிடும். கரண்ட் இல்லை. மீன் செத்தால் வேலையும் போகும், அறையும் போகும். அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

எல்லோரும் குளத்தில் இறங்கினார்கள். பக்கெட்டில் மொண்டு உயரத் தூக்கி ஊற்றுவதும், பலகையால் தண்ணீரை அடிப்பதுமாக மத்தியானம் தாண்டியது. என் கையில் சோற்றுத் தட்டு, அதை வைத்துத் தண்ணீரை அடித்தேன். பள்ளிக்கூடம் போ என்று ஒருவரும் சொல்லவில்லை. சித்தப்பா மட்டும் பேச்சை நிறுத்தவில்லை.

"உங்க கல்யாணப் பந்தியிலகூட இத்தினி பேரு வாயப் பொளந்துக்கினு நிக்கல அண்ணி."

அம்மா அவர் முகத்திலேயே ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றினாள். அப்பாகூடச் சிரித்துவிட்டார்.

நாலு மணிக்குக் கரண்ட் வந்தது. பொழுது சாய்வதற்குள் மீன்கள் உள்ளே இறங்கிவிட்டன. ஏழெட்டுதான் செத்து மிதந்தன. அம்மா ஈரச் சேலையோடு மோட்டாருக்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள். அப்பா கற்பூரம் ஏற்றி, தேங்காய் உடைத்து, அதன் தண்ணீரைக் குளத்தில் விட்டார். நாள் முழுக்க அடித்தது நாங்கள், கும்பிடு மோட்டாருக்கா என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம். இருந்தாலும் கண்ணை மூடி மனசார வேண்டிக்கொண்டேன்.

"இன்னா கண்ணு வேண்டிக்கின?" என்றாள் அம்மா.

"நாளைக்கும் மீனெல்லாம் மேல வரணும்னு."

சித்தப்பா சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார். அம்மா என் வாயைப் பொத்தினாள். புள்ள தெரியாமச் சொல்லிட்சி என்று மோட்டாரிடம் கெஞ்சிவிட்டு, என்னை மறுபடி கும்பிட வைத்தாள். வேண்டுதலைத் திருப்பி வாங்கிக்கொண்டேன், அரை மனசாக.

மறுநாள் விடிவதற்கு முன்பே அப்பா கரையில் குந்தித் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், அவருக்கும் அதே ஆசைதான் போலிருக்கிறது என்று பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.