கோ அண்ட் கம்

குடவாசலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், மூன்று மாதம் ஒரே ஒரு மாணவிக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தேன். எதிர்வீட்டு அக்காதான் அந்த மாணவி. கனடாவில் மகளுக்குப் பிரசவம். தனியாக விமானம் ஏறிப் போய், ஆறு மாதம் கூட இருந்துவிட்டு வர வேண்டும்.

நடவு முடிந்த மத்தியானங்கள். வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தத்தில் பாடம் நடத்தும் எனக்கே கண் சொருகும். அவர்கள் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து, "ஐ கோ டு மார்க்கெட்" என்பேன். அக்கா, "ஐ கோ டு மார்க்கெட் அண்ட் கம்" என்பார். பேங்க், கோயில், வயல் என்று எங்கே அனுப்பினாலும் திரும்பி வந்துவிடுவார். எனக்குப் பொறுமை எப்போதுமே குறைச்சல். வரவெல்லாம் வேண்டாம், போனால் போதும் என்று ஒருநாள் கத்தியே விட்டேன்.

"வெறும போறேன்னு எப்படி டீச்சர் சொல்றது? வாய் வரமாட்டேங்குது" என்றார்.

அவர் கணவர் கூடத்தின் மறுகோடியில் கயிற்றுக் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருப்பார். கனடாப் பேச்சு எடுத்த நாளிலிருந்து அக்காவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. போன வருஷம்தான் அவருக்கு நெஞ்சுவலி வந்திருந்தது. நீ திரும்பி வரும்வரை நான் இருப்பேனா என்று கேட்கத் தெரியாமல் கோபித்துக்கொண்டார். அக்கா பாதியில் கட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தால் பாடத்தை நிறுத்திவிடுவேன். ஜன்னல் வழியே இருவரும் வயலையே பார்த்துக்கொண்டிருப்போம். இளம் நாற்று காற்றில் சாய்ந்து நிமிரும். யாரும் எங்கேயும் போகாமல் அப்படியே இருந்துவிடலாம் என்று தோன்றும்.

கிளம்பும் நாள் காலையில் கார் வந்தது. பெட்டிகளை ஏற்றியாயிற்று. அக்கா கட்டிலருகே போய் நின்று, "போயிட்டு வரேங்க" என்றார். அவர் உத்தரத்தைப் பார்த்தபடி படுத்திருந்தார். அக்கா மறுபடியும் சொன்னார். 'போயிட்டு வா' என்று பதில் கேட்காமல் எங்கள் பக்கத்தில் யாரும் படி இறங்க மாட்டார்கள். டிரைவர் ஹாரன் அடித்தார். அக்கா நகரவில்லை. அந்த மனிதரைப் பிடித்து உலுக்கலாமா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அவர் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். அத்தனை மத்தியானங்களிலும் அவர் தூங்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"கோ" என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "அண்ட் கம்" என்றார்.

எத்தனை முறை அந்த வாக்கியத்தைத் தப்பென்று திருத்தியிருப்பேன். அன்று அக்காவுக்கு முன்னால் நான்தான் அழுதேன்.