யாரைத் தூக்கும் எஞ்சின்

பகலெல்லாம் பத்திரிகை அலுவலகத்தில் மெய்ப்புத் திருத்திவிட்டு வந்தால், சிராங்கூன் சாலையில் அக்காள் வீட்டுக்குப் பின்னாலிருந்த மாட்டுக் கொட்டகையில் அடுத்த வேலை காத்திருக்கும். குதிரைப் பந்தயத் திடலில் ஒரு வெள்ளைக்காரர் விமானம் ஓட்டிக் காட்டியதைப் பார்த்ததிலிருந்து, மோட்டார் பட்டறையில் மிஸ்திரியாக இருந்த அத்தான் மூங்கிலாலும் துணியாலும் தமக்கென்று ஒன்று கட்டிக்கொண்டிருந்தார். இறக்கைகள் முடிந்துவிட்டன. எஞ்சினில்தான் நாங்கள் களைத்துப்போனோம்.

முதலில் மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் பொருத்தினோம். சிறியது, ஒருவரே தூக்கிவிடலாம். விடியற்காலையில் திடலுக்குக் கொண்டுபோனோம். அத்தான் பருத்த உடம்புக்காரர். அவர் ஏறி ஓட்டியபோது வண்டி திடலின் கடைசி வரை ஓடியது, தரையை விடவில்லை.

"நீ ஏறு மாப்ளே. எஞ்சின் சத்தத்தை நான் வெளியே நின்னு கேக்கணும்."

ஏறினேன். பாதித் திடலில் இருக்கைக்குக் கீழே குலுக்கல் நின்றது. பயந்து எஞ்சினை அணைத்தேன். மறுபடி குலுங்கியது. இறங்கித் திரும்பிப் பார்த்தபோது அத்தான் புல்லின்மேல் குனிந்து நின்றார். ஈரப் புல்லில் சக்கரத் தடம் ஓரிடத்தில் அறுந்து, சற்றுத் தள்ளி மீண்டும் தொடங்கியிருந்தது.

"வண்டி பறக்குது" என்றார். பிறகு, "உன்னைத்தான் தூக்குது."

அந்த வாரமே பெரிய எஞ்சின் தேடி, ஆற்றில் சரக்குப் படகுகள் வைத்திருந்த நாகூர்க்காரர் ஒருவரிடம் போனோம். அவருடைய மோட்டார் படகு அடிப்பலகை உளுத்துக் கரையில் கிடந்தது. எஞ்சின் மட்டும் நன்றாக இருந்தது.

"தண்ணில இருந்தா இதோட கனம் தெரியாது தம்பி. ஆகாசத்துல யாரு தாங்குவா?"

"இழுக்கிற சக்தி இருக்குல்ல, முதலாளி?" என்றார் அத்தான்.

"இருக்கு. ஆனா உங்களைத் தூக்குறதுக்கு முன்னாடி அது தன்னைத் தூக்கணும்லா."

வீட்டில் அக்காள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்: "தம்பி ஒல்லியா இருக்கான். அவன் ஏறட்டுமே. யாரு ஏறினா என்ன, பறக்குறது உங்க வண்டிதானே?"

"நம்ம கல்யாணத்துல மணையில வேற ஆளை உக்கார வச்சிருப்பியா?"

"அப்பவே கேட்டிருக்கலாம்ல."

அத்தான் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "நீ சொல்லு" என்றார்.

"சின்ன எஞ்சின்தான் சரி, அத்தான்."

"சரிதான். எனக்கு வேணாம்."

படகு எஞ்சினைத் தாங்க மூங்கில் போதவில்லை. மரச் சட்டம் வைத்தோம். சட்டத்தைத் தாங்கப் பெரிய சக்கரங்கள் தேவைப்பட்டன. எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர்த் தொட்டி. ஒன்றைச் சேர்க்கும்போதெல்லாம் அது இன்னொன்றைக் கேட்டது. மழைக்காலம் முழுவதும் அப்படியே போயிற்று. பல நாள் அலுவலகத்தில் மெய்ப்பின்மேலேயே தூங்கிவிழுந்தேன். அத்தான் இரவுச் சோற்றைக்கூடக் குறைத்துப் பார்த்தார்.

மழை விட்டதும் பட்டறைப் பையன்கள் இருவரோடு திடலுக்குப் போனோம். அத்தான் ஏறினார். எஞ்சின் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. வண்டி ஈரப் புல்லில் இரண்டு ஆழமான கோடுகளைக் கிழித்துக்கொண்டு மறுகோடி வரை போய் நின்றது. நான் தடத்தைப் பார்த்தபடி பின்னால் நடந்து போனேன். அந்தக் கோடுகள் எங்கும் அறுபடவில்லை.

அத்தான் கீழே பார்க்கவில்லை. எஞ்சினை அணைத்தார், இறங்கவில்லை.

"தள்ளுங்க" என்றார்.

கொட்டகை வரை அவரையும் வைத்தே தள்ளினோம்.