ஒட்டிய பேப்பரும் குத்திய நம்பரும்

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து, போன திங்கட்கிழமை கம்பெனிக்குப் போனால் ஒருவரும் வேலை செய்யவில்லை. ஒருவரும் சும்மாவும் இல்லை. எல்லோரும் கம்ப்யூட்டர் ரூம் வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். பத்திரிகை வேலையை விட்டபிறகு வாரத்தில் மூன்று நாள் வேலூரில் பஸ் ஏறி, ஆம்பூர் பக்கம் ஒரு தோல் கம்பெனிக்குப் போகிறேன். வெளிநாட்டில் தோல் வாங்கும் பையர்களுக்குப் போகும் கடிதங்களின் ஆங்கிலத்தைச் சரிபார்ப்பது என் வேலை. அதில் பாதி, 'டூ த நீட்ஃபுல்' என்பதை அடித்து நீக்குவது.

அங்கே யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இல்லை. செக்‌ஷன் பெயர்தான். "டெஸ்பாட்ச்சை வரச் சொல்லு." "அக்கவுண்ட்ஸ் சாப்பிடப் போயாச்சா?" நான்... இங்கிலீஷ்.

அன்றும் மேனேஜர் அன்சர் சார் அப்படித்தான் கேட்டார்.

"கம்ப்யூட்டர் எங்க?"

"உள்ளதான் இருக்கேன் சார்," என்று சர்வருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

குரலுக்குரியவர் டெய்சி. டைப்பிஸ்டாக வந்தவர். வேலூரில் மாலை வகுப்புக்குப் போய்க் கம்ப்யூட்டர் படித்தார். கம்பெனியில் முதல் சர்வர் வந்தபோது, 'இதை யார் பார்த்துக்கொள்வது?' என்று எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். டெய்சி மட்டும் பெட்டியோடு வந்த புத்தகத்தைப் பிரித்தார். அன்றிலிருந்து அந்த ரூம் அவருடையது.

சர்வர் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். யூனிக்ஸ் வகையறா ஓடும் ஒரு கறுப்புப் பெட்டி. அதன் முதுகில் இரண்டு நெட்வொர்க் கார்டுகள். ஒன்றில் கம்பெனிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்களும் பிரிண்டர்களும் வந்து சேர்கின்றன. இன்னொன்றில் வெளியுலகம், அதாவது இன்டர்நெட். முன்வாசலும் பின்வாசலும் உள்ள வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று காலை இரண்டு வாசலும் திறக்கவில்லை. பிரிண்ட் இல்லை, மெயில் இல்லை.

இதில் டெய்சிக்கு என்ன போகிறது? நாற்காலி போகிறது.

சென்னையிலிருந்து ஒரு நிறுவனம், 'உங்கள் கம்ப்யூட்டர் வேலை முழுவதையும் கான்ட்ராக்டில் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்' என்று இரண்டு முறை வந்து பேசிவிட்டுப் போயிருந்தது. மூன்றாவது முறையாக அன்று மதியம் இரண்டு மணிக்கு வருகிறார்கள். கான்ட்ராக்ட் கையெழுத்தானால் டெய்சி மறுபடி டைம் ஆபீசில் உட்கார்ந்து அட்டெண்டன்ஸ் டைப் செய்ய வேண்டியதுதான். மேனேஜர் அதை மறைக்கவும் இல்லை.

"ரெண்டு மணிக்கு அவங்க வர்றப்போ இது இப்படியே கெடந்தா நான் இன்னா பதில் சொல்றது? நீயே சொல்லு."

டெய்சி ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகிக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு கார்டின் தகட்டிலும் அவர் கையெழுத்தில் ஒரு துண்டுப் பேப்பர் ஒட்டியிருந்தது. ஒன்றில் 'உள்ளே', மற்றதில் 'வெளியே'. ஒயர்களிலும் அதே போல. உள்ளே ஒயர் உள்ளே கார்டில், வெளியே ஒயர் வெளியே கார்டில். பச்சை விளக்கும் எரிந்தது. எல்லாம் சரி. எதுவும் போகவில்லை.

சென்னைக்குப் போன் போட்டார் மேனேஜர். எதிர்முனைக்காரர் யோசிக்கவே இல்லை. "ரெண்டு கார்டும் போயிருக்கும் சார். யாரும் தொட வேணாம்னு சொல்லுங்க. நாங்க வந்து பாத்துக்கறோம்."

"ஒரே நாள்ல ரெண்டும் எப்படிப் போவும்?" என்றார் டெய்சி, யாரிடமும் இல்லாமல்.

நான் பழைய தொழில் புத்தியில் பெட்டியைச் சுற்றி வந்தேன். அது அவ்வளவு சுத்தமாக இருந்து நான் பார்த்ததில்லை. முன்பக்கம் மூன்று இடத்தில் சந்தனம், நடுவில் குங்குமம். பின்பக்கம் இரண்டு கார்டுத் தகட்டிலும் ஆளுக்கொரு பொட்டு. பார்த்தேனே தவிர, அது செய்தி என்று எனக்கு உறைக்கவில்லை. என்ன பத்திரிகைக்காரன்!

அப்போதுதான் ரஃபீக் பாய் வந்தார். தோல்களைத் தரம் பிரிக்கும் செலக்‌ஷன் செக்‌ஷன் சூப்பர்வைசர். டெய்சி வயதுதான் இருக்கும். எந்தத் தோல் எந்தத் தொகுதி என்று காட்டும் லாட் லிஸ்ட் பிரிண்ட் ஆகவில்லை என்று கேட்க வந்திருந்தார்.

"இன்னா டெய்சி மேடம், லிஸ்ட்டு வருமா? இல்ல, நான் கைலயே எழுதிக்கட்டா?"

"கொஞ்சம் இருங்க பாய். லேபிள் சரியா இருக்கு. ஒயர் சரியா இருக்கு. லைட்டு எரியுது. ஆனா போவல."

"லேபிளா? பேப்பரா ஒட்டி வச்சிருக்கீங்க?" ரஃபீக் பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்ககிட்ட வந்து பேப்பர் ஒட்டிப் பாருங்க. ட்ரம்மு ரெண்டு சுத்து சுத்துனா லேபிளும் இல்ல, லாட்டும் இல்ல. அப்புறம் எது யாரோட தோலுன்னு ஒருத்தனை ஒருத்தன் அடிச்சுக்க வேண்டியதுதான்."

தெரியாதவர்களுக்காக: பச்சைத் தோல் சுண்ணாம்பில் ஊறி, ட்ரம்மில் உப்பிலும் அமிலத்திலும் சுழன்று வெளியே வருவதற்குள் மையும் நிற்காது, அட்டையும் நிற்காது. அதனால் தோலின் வால் ஓரத்தில், சுத்தியலால் தட்டி நம்பரைக் குத்திவிடுவார்கள். தோல் எங்கே போனாலும் நம்பர் கூடவே போகும்.

டெய்சி கையிலிருந்த ஒயரைக் கீழே வைத்தார்.

"பாய், தோலு ட்ரம்முல போட்ட வரிசையிலயேவா வெளிய வரும்?"

"வரிசையா? எது கைல மாட்டுதோ அது வரும். அதுக்குத்தானே நம்பர் குத்துறது?"

டெய்சி கீபோர்டுக்குப் போனார். டிராயரிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். அவர் அப்போது எனக்குச் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன்.

சர்வரைப் போட்டவுடன் அது தன் கார்டுகளைத் தேடும். முதலில் கண்ணில் பட்டதற்கு ஈத் ஜீரோ என்று பெயர். அடுத்ததற்கு ஈத் ஒன். யார் முதல் சொருகலில், அதாவது முதல் ஸ்லாட்டில், உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்தான் ஜீரோ. ஆள் யார் என்று பார்ப்பதில்லை. ஜீரோ என்றால் உள் வேலை, ஒன் என்றால் வெளி வேலை என்று மட்டும் அதற்குச் சொல்லிவைத்திருந்தது. ஆனால் ஒவ்வொரு கார்டுக்கும் தயாரிக்கும்போதே பதித்த பன்னிரண்டு எழுத்து நம்பர் ஒன்று உண்டு. அது மாறாது. கார்டு வந்த அன்றே டெய்சி அதை நோட்டில் எழுதி வைத்திருந்தார்.

திரையையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். ஜீரோவாக இருக்க வேண்டிய உள்ளே கார்டு, இப்போது ஒன்.

"யாரோ கார்டைக் கழட்டி இடம் மாத்திப் போட்டிருக்காங்க."

"டெய்சி," என்றேன், "கார்டுக்கெல்லாம் பொட்டு வச்சிருக்கே..."

அவர் என்னைப் பார்த்த பார்வையில், 'இதை எப்போது சொல்வதாக இருந்தீர்கள்?' என்ற கேள்வி இருந்தது.

ஃபிட்டர் முனுசாமி வந்தார். கூட்டத்தைப் பார்த்ததும், பாராட்டத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

"ஆமாம்மா, நான்தான். எல்லா மிஷினும் தொடைச்சிப் பூஜை போட்டோம், இது மட்டும் இன்னா பாவம் பண்ணிச்சி? நீங்க வேற லீவு. உள்ள தூசி ஜாஸ்தி. ஸ்ப்ரே செக்‌ஷன் ஏர் ஓஸ் வச்சி அடிச்சேன். அந்த ரெண்டு அட்டையையும் கழட்டித் தொடைச்சி, பொட்டு வச்சி மாட்டிட்டேன். நீங்க ஒட்டுன பேப்பர் பாத்துத்தான் ஒயர் சொருகுனேன்."

"எது எந்த இடத்துல இருந்துச்சுன்னு பாத்தீங்களாண்ணா?"

"ரெண்டும் ஒரே மாதிரிதானே கீது?"

அவ்வளவுதான் விஷயம். பேப்பர் கார்டோடு போய்விட்டது. பெயர் இடத்திலேயே நின்றுவிட்டது. அவர் பேப்பரை நம்பினார், சர்வர் இடத்தை நம்பியது.

டெய்சி இரண்டு ஒயர்களையும் மாற்றிச் சொருகினார். பத்து வினாடி. பிரிண்டர் இரையத் தொடங்கியது. ரஃபீக் பாய் லிஸ்ட்டோடு போனார். மெயில்கள் போயின. மணி பதினொன்று நாற்பது. மணி குறித்துக்கொள்வது விட்டுப்போகாத பழக்கம்.

"போதும். இனிமே யாரும் கைவைக்காதீங்க," என்று சொல்லிவிட்டு மேனேஜர் போனார்.

கூட்டம் கலைந்தது. டெய்சி மட்டும் எழுந்திருக்கவில்லை.

"சாப்பாட்டு டைம்ல நிறுத்தப் போறேன் சார்."

"ஓடுதே... விட்டுடுங்களேன். வேணும்னா பேப்பரை மாத்தி ஒட்டிடலாம்."

"அடுத்த வருஷம் அவர் மறுபடியும் தொடைப்பாரு. நானும் லீவுல இருப்பேன். இடத்துக்குப் பேர் வச்சா இப்படித்தான் சார் ஆவும். கார்டுக்கு வைக்கணும்."

இரண்டு மணிக்குச் சென்னைக்காரர்கள் வருகிறார்கள். ஓடுகிற இயந்திரத்தை ஒரு மணிக்கு நிறுத்துகிறேன் என்கிறார். நானாக இருந்தால் மதிய பஸ்சைப் பிடித்து வேலூர் போயிருப்பேன்.

ஒரு மணி மணியடித்ததும் நிறுத்தினார்.

அப்போது தெரிந்துகொண்டேன். ஓடிக்கொண்டிருக்கும் கார்டுக்குப் பெயர் மாற்ற முடியாது. முதலில் நிறுத்த வேண்டும். ஜீரோவை ஒன் ஆக்கி, ஒன்னை ஜீரோ ஆக்கவும் நேராக முடியாது. ஒரே பெயரில் இரண்டு பேர் ஒரு கணம்கூட இருக்கக் கூடாதாம். நடுவில் மூன்றாவது பெயர் ஒன்று வேண்டும். "அந்தப் பேரே வேணாம்," என்றார் டெய்சி. ஒரு சின்ன ஃபைலில் இரண்டு வரி எழுதினார். இந்த நம்பர் உள்ள கார்டுக்குப் பெயர் 'உள்ளே'. இந்த நம்பருக்கு 'வெளியே'. ஆங்கில எழுத்தில், தமிழ்ப் பெயர். அட்ரஸ் ஃபைலிலும் பெயர்களை மாற்றினார். ஒயர்களைப் பேப்பர்படி திரும்பச் சொருகினார்.

ஒன்று இருபத்தைந்துக்குப் போட்டார். பிரிண்ட் வந்தது. மெயில் போகவில்லை.

ஒன்று முப்பத்தைந்து. போகவில்லை. தொழுகை முடிந்து வந்த மேனேஜர் வாசலில் நின்றார்.

"ஓடிட்டு இருந்ததை எதுக்கு நிறுத்துன?"

டெய்சி திரும்பவில்லை. விரல் மட்டும் ஒரு பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தது. திரையில் வரிகள் ஓடின. அவர் புடவை முந்தானையால் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். அன்று முழுவதும் அவர் பயந்ததற்கு எனக்குக் கிடைத்த ஒரே அடையாளம் அதுதான்.

ஒன்று ஐம்பதுக்கு விரல் நின்றது. வெளியாட்கள் நுழையாமல் காவல் காக்கும் ஃபயர்வாலில், ஒரே ஒரு வரியில் இன்னும் 'ஈத் ஒன்' என்று இருந்தது. 'ஈத் ஒன் வழியாகப் போகிறவர்களை மட்டும் விடு' என்று வாட்ச்மேனுக்கு உத்தரவு. அந்தப் பெயரில் வாசலே கிடையாது. வாட்ச்மேன் என்ன செய்வார்? யாரையும் விடவில்லை.

திருத்தினார். ஒன்று ஐம்பத்து மூன்றுக்கு முதல் மெயில் போயிற்று.

இரண்டு பத்துக்குச் சென்னைக்காரர் வந்தார். டை, லேப்டாப் பை. நடந்ததைக் கேட்டுப் புன்னகைத்தார். "கேபிளை மாத்தினதோட விட்டிருக்கலாமே மேடம்." பிறகு திரையைப் பார்த்தார். "என்ன இது... உள்ளே, வெளியே? இது ஸ்டாண்டர்ட் பேர் இல்லையே. நாளைக்கு எங்க ஆள் வந்து உக்காந்தா குழம்பிடுவாரு சார்."

மேனேஜர் டெய்சியைப் பார்த்தார்.

"முனுசாமி அண்ணாவைக் கூப்பிடுங்க," என்றார் டெய்சி.

முனுசாமி இந்த முறை தயங்கித்தான் வந்தார்.

"அண்ணா, பூஜை அன்னிக்குப் பண்ண மாதிரியே பண்ணுங்க. ரெண்டையும் கழட்டி மாத்திப் போடுங்க. பேப்பரைப் பாத்து ஒயர் சொருகுங்க."

"பொட்டு வைக்கணுமாம்மா?"

"வேணாம்ணா."

சர்வரை அணைத்தார்கள். முனுசாமி கழற்றினார், பழக்கதோஷத்தில் தோளிலிருந்த துண்டால் துடைத்தார், மாற்றிப் போட்டார். சுவிட்சைப் போட்டார் டெய்சி. சர்வர் எழுந்து உட்கார நான்கு நிமிடம் ஆனது. நான்கு நிமிடம் ஒரு கறுப்புப் பெட்டியை ஐந்து பேர் பார்த்துக்கொண்டிருப்பது எப்படி இருக்கும்? தேர்தல் எண்ணிக்கை மையங்களில் பார்த்திருக்கிறேன்.

டெய்சி ஒரு மெயில் அனுப்பினார். போயிற்று. செலக்‌ஷனுக்கு ஒரு பிரிண்ட் கொடுத்தார். சற்று நேரத்தில் போன் அடித்தது. ரஃபீக் பாய்.

"இன்னா பேஜாரு இது? காலைல வேணும்னு வந்து நின்னா தர மாட்டேன்றீங்க. இப்போ எதுக்கு ரெண்டாவது வாட்டி அனுப்புறீங்க?"

மேனேஜர் சென்னைக்காரரிடம், "டீ சாப்ட்டுப் போங்க," என்றார். எங்கள் கம்பெனியில், பேச்சு நடக்கும்போது டீ தானாக வரும். பேச்சு முடிந்தால்தான் 'சாப்ட்டுப் போங்க' வரும்.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது யோசித்தேன். பத்திரிகையில் இருந்தவரை சென்னை டெஸ்க்குக்கு நான் 'வேலூர்'. "வேலூர் லைன்ல இருக்காரு, நியூஸ் வாங்கு," என்பார்கள். என் இடத்துக்கு வேறொருவர் வந்த மறுநாள், பழக்கத்தில் டெஸ்க்குக்குப் போன் செய்தேன். "வேலூர்கிட்ட இப்பதான் பேசினோமே, நீங்க யாரு?" என்றார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. முதல் சொருகலில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவர்தான் ஜீரோ.

புதன்கிழமை போனபோது மேனேஜர் கூப்பிட்டார். "அந்தச் சென்னைக்காரங்களுக்கு ஒரு லெட்டர் போடணும். இப்போதைக்குத் தேவையில்லைன்னு. மரியாதையா எழுதுங்க."

எழுதினேன். மிகவும் மரியாதையாக.

கடிதத்தில் கையெழுத்து வாங்கும்போது அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியிலிருந்த இன்டர்காம் லிஸ்ட்டைப் பார்த்தேன். ஸ்டோர்ஸ், டெஸ்பாட்ச், செலக்‌ஷன், ஃபிட்டர். அதற்கடுத்து 'கம்ப்யூட்டர்' என்று டைப் செய்திருந்ததைப் பச்சை மையில் அடித்து, பக்கத்தில் 'டெய்சி' என்று எழுதியிருந்தார்.

கடைசி வரி, 'இங்கிலீஷ்'. அதில் அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை.